என் தங்கைக்கு லண்டன் காட்டிய நாள்

1

என் தங்கை ஹேமா சென்னை மாடம்பாக்கத்திலிருந்து லண்டன் வந்து, பத்து நாள் என் வீட்டில் தங்கிவிட்டுப் போன வாரம்தான் திரும்பினாள். அவள் வந்ததிலிருந்து எனக்கு ஆரம்பித்த வயிற்றெரிச்சல் அவள் போன பிறகும் அடங்கவில்லை. ஊரில் இருப்பவர்களுக்கு இது தலைகீழாகப் படலாம். வெளிநாட்டில் இருக்கிறவளைப் பார்த்து ஊரில் இருக்கிறவள்தானே பொறாமைப்பட வேண்டும்? இந்த மாதத்தோடு நான் இங்கே வந்து இருபத்தோரு வருஷம் ஆகிறது. அத்தனை வருஷமும் நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஊருக்குப் போக சாக்லேட்டையும் சோப்பையும் பெட்டியில் அடுக்கும்போதெல்லாம் 'பாவம் ஹேமா' என்று மனசில் ஒரு நினைப்பு ஓடும். அந்த நினைப்பு எவ்வளவு சுகமானது என்று அது போன பிறகுதான் தெரிகிறது.

அவளுக்கு விசா வாங்குவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. அழைப்புக் கடிதம் நான் எழுத வேண்டும். சம்பளச் சீட்டு நான் காட்ட வேண்டும். அவள் படுக்க என் வீட்டில் ஓர் அறை இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டும். அதெல்லாம் போகட்டும். வந்தவள் திரும்பிப் போவாள் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்கிறார்கள். ஹேமா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அங்கே கொடுத்த லீவுக் கடிதம், ஃபிளாட் பத்திரம், கணவரின் வேலைச் சான்று, இரண்டு பையன்களின் படிப்புச் சான்று என்று எல்லாவற்றையும் வாட்ஸப்பில் அனுப்பிக்கொண்டே இருந்தாள். அந்த ஃபிளாட், எங்கள் அப்பா கட்டிய வீட்டை இடித்த இடத்தில் எழும்பியது.

விசா இணையதளத்தில் ஒவ்வொன்றாக ஏற்றும்போது பார்த்துக்கொண்டே வந்தேன். இவள் திரும்பிப் போக இத்தனை காரணம் இருக்கிறது. நீ திரும்பிப் போவாய் என்பதற்கு என்ன ஆதாரம் என்று என்னை யாராவது கேட்டால் நான் எதைக் காட்டுவேன்? எனக்கு எரிய ஆரம்பித்தது அங்கேதான். அப்போது ஹேமா விமானம்கூட ஏறவில்லை.

2

நான் ஒரு மருத்துவமனையில் நோயாளிகளுக்குத் தேதி கொடுக்கும் மேசையில் வேலை பார்க்கிறேன். ஹேமா ஞாயிற்றுக்கிழமை வந்தாள். ஊரைச் சுற்றிக் காட்டச் செவ்வாய்க்கிழமை லீவு போட்டேன். காலையில் பெரிய அருங்காட்சியகம், மத்தியானம் மாடி திறந்த சுற்றுலா பஸ், சாயங்காலம் ஆற்றங்கரை ராட்டினம் என்று திட்டம். திட்டம் போட்டதே இன்டர்நெட்டைப் பார்த்துத்தான். இருபத்தோரு வருஷத்தில் அந்த ராட்டினத்தில் நான் ஏறியதில்லை. வேலை, வீடு, சனிக்கிழமை தமிழ்க் கடை, மறுபடி வேலை என்று என் லண்டன் ஒரே ரயில் பாதையில் முடிந்துவிடும்.

வீட்டிலிருந்தே கல்லூரிக்குப் போய்வரும் என் ஒரே மகள் நிவேதா அப்போது விடுமுறையில் இருந்தாள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். எங்கள் வீட்டில் பல வருஷமாகப் பேச்சு இப்படித்தான் ஓடுகிறது. திங்கட்கிழமை ராத்திரி சாப்பிடும்போது, "நாளைக்குச் சித்தியோட வெளியே போறோம், நீயும் வாயேன்" என்றேன். போனிலிருந்து தலையைத் தூக்காமல், வேலை இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னாள். மறுநாள் காலையில் அடுப்படியிலிருந்து ஹேமா ஒரு குரல் கொடுத்தாள்.

"நிவி, என்னடி இன்னும் தூங்கற? சீக்கிரம் குளிச்சுட்டு வா, லேட்டாகுது."

குளித்துவிட்டு வந்துவிட்டாள். தலைகூட வாரியிருந்தாள். உள்ளூர் மாடு விலை போகாது என்பார்கள். நான்தான் அந்த மாடு.

அருங்காட்சியகத்தில் எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு கூடம். நம் ஊர்ப் பக்கத்துச் சிலைகளை அங்கே வைத்திருக்கிறார்கள். சோழர் காலத்து வெண்கலச் சிலை ஒன்று கண்ணாடிக்குள் நிற்கிறது. வந்த புதிதில், வேலை கிடைக்காமல் வீட்டில் அழுதுகொண்டிருந்த நாட்களில், ரயில் ஏறிப் போய் அதன் முன்னால் நின்றுவிட்டு வருவேன். யாரிடமும் சொன்னதில்லை. ஹேமாவை நேராக அங்கேதான் கூட்டிப்போனேன். அவள் கண் கலங்குவாள், நான் தோளைத் தட்டிக் கொடுப்பேன் என்று ஒரு காட்சியே மனசுக்குள் ஓட்டி வைத்திருந்தேன்.

ஹேமா கைப்பையைத் தோளில் ஏற்றிவிட்டுக்கொண்டு சிலையைப் பார்த்தாள். "நல்லா தொடச்சு வெச்சிருக்காங்க" என்றாள். பிறகு, "இதெல்லாம் நம்ம கோயில்லயே இருக்கேக்கா. நான் தெனம் வாக்கிங் போறப்ப உள்ள போயிட்டுத்தான் வரேன். வேற ஏதாவது காட்டு" என்றாள்.

நிவி களுக்கென்று சிரித்தாள். நான் வேறு ஏதாவது காட்டப் போனேன். கடிகாரங்கள் இருக்கும் அறையில் ஹேமா வெகுநேரம் நின்றாள். ஒவ்வொரு கடிகாரமும் எப்படி ஓடுகிறது என்று நிவியைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். நிவியும் பொறுமையாகப் படித்துச் சொன்னாள். வங்கியிலிருந்து வரும் கடிதத்தில் ஒரு வரி புரியவில்லை என்று நான் காட்டினால், நீயே படி என்பவள் அவள்.

மத்தியானம் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டோம். ஹேமா காலையில் வார்த்த இட்லியில் நல்லெண்ணெயும் மிளகாய்ப்பொடியும் தடவி டப்பாவில் அடுக்கி எடுத்து வந்திருந்தாள். என் வீட்டு மாவு, என் வீட்டுப் பொடி, என் வீட்டு எண்ணெய். நிவி ஐந்து இட்லி சாப்பிட்டுவிட்டு விரலை நக்கினாள். நான் செய்தால் ஒன்றோடு எழுந்துவிடுவாள்.

3

சுற்றுலா பஸ்ஸுக்கு வரிசையில் நின்றோம். இந்த ஊரில் வரிசை என்றால் வரிசைதான். முன்னால் நிற்பவரின் முதுகுக்கும் நம் மூக்குக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கலாம், ஆனால் யாரும் நிற்கமாட்டார்கள். பஸ் வந்தது. நான் கீழே டிரைவரிடம் டிக்கெட்டைக் காட்டிக்கொண்டிருந்தபோது ஹேமா படியேறி மேலே போய்விட்டாள். நிவி எனக்குப் பின்னால் இருந்தாள்.

மேலே போய்ப் பார்த்தால், முன்வரிசை இரட்டை சீட்டில் ஜன்னலோரம் ஹேமா உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்து சீட்டில் அவளுடைய நீலக்கட்டம் போட்ட கர்ச்சீப் விரித்துக் கிடக்கிறது.

தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பஸ் வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாகக் கர்ச்சீப்போ துண்டோ பையோ உள்ளே விழுந்துவிடும். விழுந்தால் அந்த சீட் பத்திரம் பதிந்த மாதிரி. அதன் மேல் யாரும் உட்காரமாட்டார்கள். உட்கார்ந்தால் ஒரு பஸ் ஜனமும் கேட்கும். ஒரு வெள்ளைக்காரக் கிழத் தம்பதி அந்த சீட்டுக்கு அருகில் போய், இங்கே யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார்கள். ஹேமா கர்ச்சீப்பை விரலால் காட்டித் தலையை ஆட்டினாள். அவர்களுக்குப் புரியவில்லை. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. 'சாரி, சாரி' என்று ஆங்கிலத்தில் முனகிக்கொண்டே முன்னால் ஓடினேன்.

எனக்கு முன்னால் நிவி போய்விட்டாள். சிரித்துக்கொண்டே அந்தத் தம்பதியிடம், எங்கள் ஊரில் இப்படித்தான் இடம் பிடிப்போம், இந்தத் துணி இருந்தால் ஆள் வருகிறார் என்று அர்த்தம் என்று விளக்கினாள். எங்கள் ஊராம். அவர்களும் சிரித்துவிட்டுப் பின்வரிசைக்குப் போனார்கள்.

கர்ச்சீப் எனக்குத்தான் என்று நினைத்து நான் உட்காரப் போனேன்.

"அக்கா, இது நிவிக்குப் போட்டது" என்றாள் ஹேமா. "நீ பாத்த ஊருதானே. பின்னாடி உக்காந்துக்கோயேன்."

மூன்று வரிசை தள்ளிப் போய், சாண்ட்விச் தின்றுகொண்டிருந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒலிபெருக்கியில் அரண்மனை வந்தது, பாலம் வந்தது, கோபுரம் வந்தது. நான் முன்னால் இருந்த இரண்டு தலைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு சிரித்தன. காற்றில் ஏதோ தமிழ் மாதிரி வந்தது. ஹேமாவின் குரலாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

நிவிக்குப் பத்து வயசு இருக்கும்போது அவள் பள்ளியில் நாடகம் போட்டார்கள். நான் சீக்கிரமே போய் முன்வரிசையில் மூன்று நாற்காலியில் என் துப்பட்டாவை நீளமாக விரித்துவைத்தேன். அவள் அப்பா வரவேண்டும், எதிர்வீட்டுக்காரி வரவேண்டும். ஒரு டீச்சர் வந்து மரியாதையாக எடுக்கச் சொன்னார். திரைக்குப் பின்னாலிருந்து நிவி அதைப் பார்த்துவிட்டாள். வீட்டுக்கு வந்து, அடுத்த வருஷம் நீ வராதே என்றாள். அதே ஊர்ப் பழக்கம். நான் செய்தால் அவமானம், சித்தி செய்தால் எங்கள் ஊர் வழக்கம். எனக்கு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள்.

பஸ் ஒரு சிக்னலில் நின்றபோது ஹேமா பின்னால் திரும்பாமலே உரக்கச் சொன்னாள். எனக்குக் கேட்க வேண்டும் என்றுதான் சொல்லியிருப்பாள்.

"நான் என்னடி, சும்மா. உங்கம்மாதான் தாம்பரம் பஸ் ஸ்டாண்டுல ஃபேமஸ். பஸ் திரும்பறப்பவே கூட ஓடுவா. கர்ச்சீப்ப ஜன்னல் வழியா வீசினான்னா கரெக்டா டிரைவர் பின் சீட்ல விழும். எனக்கும் சேத்து ரெண்டு பிடிப்பா. ஒரு தடவ ஒரு ஆள் கர்ச்சீப்ப எடுத்துக் கீழ போட்டுட்டான். உங்கம்மா கேட்ட கேள்வியில அவன் அடுத்த ஸ்டாப்பிங்லயே எறங்கிட்டான்."

நிவி திரும்பி என்னைப் பார்த்தாள். யாரோ தெரியாத ஆளைப் பார்க்கிற மாதிரி கொஞ்ச நேரம் பார்த்தாள். என் கதையை என் மகளுக்கு வேறு ஒருத்தி சொல்ல வேண்டியிருக்கிறது.

4

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நிவி சின்னப் பெண்ணாக இருந்தபோது இரண்டு முறை அவளை ஊருக்கு அழைத்துப் போனேன். முதல் முறை காய்ச்சல். இரண்டாம் முறை கொசுக்கடி, வயிற்றுப்போக்கு, ஏசி அறையை விட்டு வெளியே வரவில்லை. அதற்குப் பிறகு வரமாட்டேன் என்றுவிட்டாள். நான் தனியாகப் போய்வர ஆரம்பித்தேன். போகும்போதெல்லாம், ஒரு நாள் இவளைக் கூட்டிக்கொண்டு வந்து நானே காட்டுவேன் என்று நினைத்துக்கொள்வேன். இந்த ஸ்டேஷன், இந்தத் தெரு, இந்தப் பானிபூரிக் கடை என்று. என் ஊரை என் மகளுக்குக் காட்டுகிற ஆள் நானாக இருக்கவேண்டும். வேறு பெரிய ஆசை எதுவும் எனக்கு மிச்சமில்லை.

ஆனால் ஊர் என்னை விட்டு விலகிக்கொண்டிருக்கிறது. போன தடவை வீட்டுக்குப் போகும் வழியில் கேம்ப் ரோட்டில் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி, பழக்க தோஷத்தில் டிரைவருக்குத் தேங்க்யூ சொன்னேன்.

"இன்னாத்துக்குக்கா தேங்க்ஸு? அதான் துட்டு குடுத்துட்டியே" என்றான். பிறகு என் செருப்பைப் பார்த்துவிட்டு, "ஃபாரினா?" என்று கேட்டான்.

ஆமாம் என்று சொல்லப் பிடிக்காமல் நடந்துவிட்டேன். ஹேமா கூட வந்திருந்தால் அவளிடம் அவன் அப்படிக் கேட்டிருக்கமாட்டான்.

5

ராட்டினத்தில் கண்ணாடிக் கூண்டு ஒன்றில் எங்களோடு இன்னொரு குடும்பம் இருந்தது. அவர்கள் ஒரு பக்கம் போய்ப் படமெடுக்க, நாங்கள் மூவரும் மறுபக்கம் நின்றோம். ஒரு சுற்றுக்கு அரை மணி நேரம் ஆகும். நடுவில் இறங்க முடியாது. அதைத் தெரிந்துதான் ஹேமாவும் நிவியும் பேச்சை எடுக்க அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்று பிறகு புரிந்தது.

கூண்டு பாதி உயரம் போனதும் ஹேமா நிவியின் முழங்கையில் இடித்தாள். "சொல்லுடி. தமிழ்லயே சொல்லு."

நிவி என்னைப் பார்க்காமல் ஆற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அம்மா, நான் செப்டம்பர்ல சென்னைக்குப் போறேன். ஆறு மாசம். சித்தி வீட்ல இருப்பேன்."

படிப்பில் ஆறு மாதம் வெளியே எங்காவது வேலை பார்க்க வேண்டுமாம். பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனியில் இடம் கிடைத்துவிட்டதாம். இதெல்லாம் அப்புறம் ஹேமா சொல்லித் தெரிந்தது. அந்த நிமிஷம் எனக்குச் செய்தி காதில் ஏறவில்லை, தமிழ்தான் ஏறியது. ஒரு தப்பும் இல்லை. 'போறேன்' என்பதை இழுத்துச் சொல்வதுகூட ஹேமா மாதிரியே இருந்தது.

"எப்போலேருந்து நீ தமிழ் பேசற?" என்றேன்.

"ஒரு வருஷமா" என்றாள் ஹேமா. "ஞாயித்துக்கெழம மத்தியானம் வீடியோ கால்ல வருவா. மொதல்ல ரொம்பத் திணறினா. இப்ப பரவால்ல."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நிவி கதவைச் சாத்திக்கொள்வது எனக்குத் தெரியும். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்கும். யாரோ பையன் என்று நினைத்தேன். என் வீட்டுக்காரரிடம் சொன்னதற்கு, வயசுப் பெண், விடு என்றார். ஒரு வருஷமாக அந்தப் பையன் எந்த ஊர், என்ன சாதி, என்ன படிப்பு என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். அது என் தங்கையாம். பையனாக இருந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது.

"என்கிட்ட ஏண்டி பேசல?" குரல் எனக்கே பிடிக்காத மாதிரி வந்தது.

"நான் ஒரு வாக்கியம் பேசினா நீ வீடியோ எடுக்கற" என்றாள் நிவி. "அப்பாக்கு அனுப்பற. ஆன்ட்டிங்க எல்லாருக்கும் அனுப்பற. இன்னொரு தடவ சொல்லுன்னு சொல்ற. எனக்கு வெக்கமா இருக்கும்மா. சித்தி ஒண்ணும் பண்ணமாட்டாங்க. நான் பேசினா பதில் சொல்வாங்க, அவ்ளோதான்."

எடுப்பேன்தான். பெற்ற பெண் எத்தனையோ வருஷம் கழித்து 'பசிக்குது' என்று தமிழில் சொன்னால் எந்தத் தாய்தான் சும்மா இருப்பாள்? ஹேமாவுக்கு என்ன, அவள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிறவளிலிருந்து எல்லாரும் தமிழ் பேசுகிறார்கள். தண்ணீர் குழாயில் வருகிற வீட்டில் யாரும் குடத்தைக் கொண்டாடமாட்டார்கள்.

கூண்டு உச்சிக்கு வந்தது. எதிரே இருந்த குடும்பம் கைதட்டியது. நான் ஹேமாவைத் தனியாக ஓரத்துக்கு இழுத்தேன்.

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. ஒரு வருஷமா மறைச்சிருக்கீங்க ரெண்டு பேரும்."

"சொல்லியிருந்தா நீ டிக்கெட் போட்டுக் கூடவே வந்திருப்ப" என்றாள் ஹேமா. "அவதான் அது வேண்டாம்னு சொன்னா."

"நீ யாருடி எம்பொண்ண வெச்சுக்க?"

ஹேமா கோபப்படவில்லை. "எனக்கு ரெண்டும் பசங்க. வாயத் தொறந்தா 'ம்', இல்லன்னா 'ம்ஹூம்'. வீட்ல ஒரு பொண்ணு சத்தம் வேணும்னு எனக்கு எப்பலேருந்தோ ஆசை. உங்கிட்ட இருபது வருஷம் இருந்தா இல்ல, எனக்கு ஆறு மாசம் குடேன்" என்றாள்.

"குடுக்க அவ என்ன பாத்திரமா?" என்றேன். கூண்டு மெதுவாக இறங்கியது. மூவரும் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம். அரை மணி நேரம் என்பது அவ்வளவு நீளமா என்று இருந்தது.

6

திரும்பும் ரயிலில் கூட்டம் குறைவு. ஹேமா எதிர் சீட்டில் உட்கார்ந்ததும் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். காலையிலிருந்து நடந்த களைப்பு. வாய் லேசாகத் திறந்திருந்தது. சின்ன வயதிலும் இப்படித்தான் தூங்குவாள். தூங்கும்போதுகூட நிம்மதியாக இருக்கிறாளே என்று அதற்கும் எனக்கு எரிந்தது.

நிவி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இரண்டு ஸ்டேஷன் போனது. போகாதே என்று சொல்ல வாய் வரவில்லை, போய் வா என்று சொல்ல மனசு வரவில்லை. அவள் போய்விட்டு வரும்போது மாடம்பாக்கம் அவளுக்குச் சித்தி ஊராகத்தான் இருக்கும். அம்மாவின் ஊர் என்று ஒன்று அவளுக்கு இருக்காது.

"அம்மா" என்றாள் நிவி. தமிழில்தான் பேசினாள். "தாம்பரம் ஸ்டேஷன்ல எறங்கினா எந்தப் பக்கம் போகணும்? கிழக்கா, மேற்கா?"

என் கை கைப்பைக்குள் இருந்த போனுக்குப் போனது. பையின் வாயைச் சட்டென்று மூடி, கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். உன் சித்தியையே கேளேன் என்று நாக்கு நுனிவரை வந்தது. கொஞ்சம் வெளியிலும் வந்துவிட்டது.

"சித்திதான் அங்கியே இருக்காளே. அவளக் கேளு."

"கேட்டேன்" என்றாள். "ஏர்போர்ட்டுக்கு கார்ல வந்து கூட்டிட்டுப் போறாங்களாம். எனக்கு அது வேணாம். நீ காலேஜ்லேருந்து வீட்டுக்கு வருவ இல்ல, அந்த வழி வேணும்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பிறகு, யாரோ வெளியூர்க்காரிக்குச் சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொல்ல ஆரம்பித்தேன்.

"கிழக்குப் பக்கம். பிளாட்ஃபாரத்துல எறங்கி அப்படியே நில்லு, கூட்டம் போகட்டும். அப்புறம் படியேறி மேம்பாலத்துல போ. எறங்கற எடத்துல பூ விப்பாங்க. அதத் தாண்டினா ஷேர் ஆட்டோ நிக்கும். முன்னாடி சீட்ல ஏறாத. கேம்ப் ரோடுன்னு சொல்லு..."

"மேம்பாலத்துக்கு இப்ப எதுக்குப் படியேறணும்?" என்றாள் ஹேமா, கண்ணைத் திறக்காமலே. "எஸ்கலேட்டர் போட்டாச்சு."

"என்னத்தான் கேட்டா" என்றேன். "நீ தூங்கு."